வெளியே அனுப்புவதா, வீட்டுக்குச் சொல்வதா, நோட்டில் எழுதுவதா?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் குமரி மாவட்டத்து ஆசிரியர் அறைகளில் ஒரே பேச்சுதான் ஓடும்: ஏழாம் வகுப்பு பி பிரிவை இந்த வருசம் யார் தலையில் கட்டுவது? ஏழுதான் என்றில்லை, எந்த வகுப்பிலும் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பேப்பர் உருண்டை பறக்கும். கேள்வி கேட்டால் பின் பெஞ்சிலிருந்து பூனைச் சத்தம் வரும். பக்கத்துப் பிள்ளையின் பேனா காணாமல் போகும்.

இவர்களை என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். வெளியே நிறுத்து, அம்மாவை வரச் சொல், கண்டுகொள்ளாதே, லீடர் ஆக்கிவிடு, தனியாகக் கூப்பிட்டுப் பேசு, டாக்டரிடம் காட்டச் சொல். எல்லாமே யாரோ ஒரு பிள்ளையிடம் பலித்த யோசனைதான். அதே யோசனை அடுத்த பெஞ்சுப் பிள்ளையிடம் எடுபடாமல் போவதும் நாம் தினமும் பார்ப்பதுதான். அந்தச் சேட்டையால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று தெரியாதவரை, எந்த முறை நல்ல முறை என்று வாதாடுவதில் பொருளில்லை என்பது என் கட்சி. அந்தக் கண்ணோடுதான் கீழே ஒவ்வொன்றையும் எடைபோட்டிருக்கிறேன்.

முதலில் பிரம்பை ஓரமாக வைத்துவிடுவோம். தமிழ்நாட்டின் கல்வி விதிகளிலிருந்து உடல் தண்டனை 2003-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மீறினால் துறை நடவடிக்கை. முட்டி போட வைப்பதும், அப்பன் தொழிலைச் சொல்லிக் குத்துவதும் இதற்குள் வரும். ஆனாலும் பெற்றோரே வந்து, "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சட்டத்தை மறந்துவிட்டுப் பார்த்தாலும், அடி செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: அந்த நிமிடத்துச் சத்தத்தை நிறுத்துகிறது. சத்தம் நின்றதைப் பார்த்த ஆசிரியருக்கு மறுநாளும் பிரம்பைத் தேடத் தோன்றுகிறது. பையனோ பிரம்பு வைத்திருக்கும் சார் வகுப்பில் அடங்கி இருக்கவும், வைத்திராத டீச்சர் வகுப்பில் அதற்கும் சேர்த்து ஆடவும் கற்றுக்கொள்கிறான். வாங்குகிற பழி எல்லாம் அந்த டீச்சருக்கு.

"டி.சி. கிழிச்சிருவேன்" என்ற மிரட்டலும் அப்படித்தான். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது என்று அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொல்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே இது தெரியும். நடக்காத ஒன்றைச் சொல்லி மிரட்டினால், நாளைக்கு உண்மையாகச் சொல்வதையும் நம்பமாட்டார்கள்.

மூன்று பிள்ளைகள், ஒரே பேப்பர் உருண்டை

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக மூன்று பிள்ளைகளை மனதில் வைத்துக்கொள்வோம். மூன்று பேரும் செய்வது ஒன்றுதான்: வகுப்பு நடக்கும்போது பேப்பர் உருட்டி எறிகிறார்கள்.

முதல் பையனுக்கு வாசிக்க வராது. ஏழாம் வகுப்பில் இருக்கிறான், மூன்றாம் வகுப்புப் பாடத்தையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். வீட்டில் பேசுவது மலையாள வாடை அடிக்கும் விளவங்கோட்டுத் தமிழ், புத்தகத்தில் இருப்பது வேறு. வரிசையாக எழுந்து வாசிக்கச் சொல்லும்போது, தன் முறை வருவதற்கு முன்பே ஏதாவது செய்து வெளியே போய்விட்டால் நாலு பேர் சிரிப்பதிலிருந்து தப்பிக்கலாம். முட்டாள் என்று பெயர் வாங்குவதைவிட போக்கிரி என்று பெயர் வாங்குவது எந்தப் பையனுக்கும் மேல்.

இரண்டாமவன் தூத்தூர், வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்க்காரன் என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஆழ்கடல் படகில் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும், சில சமயம் ஒரு மாதத்துக்கும் மேல். அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். இவன் படிப்பில் மோசமில்லை. உருண்டை எறிந்ததும் வகுப்பே திரும்பிப் பார்க்கிறது, டீச்சர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், பக்கத்தில் வந்து ஐந்து நிமிடம் திட்டுகிறார். அவனுக்கு வேண்டியது அந்த ஐந்து நிமிடம்தான். கிடைப்பது திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

மூன்றாவது ஒரு பெண் பிள்ளை. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் இருட்டோடே பால் வெட்டப் போய்விடுவார்கள். தம்பியைக் கிளப்பி, தானும் கிளம்பி வருவதற்குள் சாப்பிட நேரமிருக்காது. ஐந்தாம் வகுப்புவரை பள்ளியிலேயே காலை உணவு கிடைத்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்குத்தான். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அது நின்றுபோனது. மூன்றாவது பீரியடில் அவள் எரிச்சலாகிறாள், கையில் கிடைப்பதை எறிகிறாள். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பிள்ளை கெட்டுப்போய்விட்டது என்று நாம் பேசிக்கொள்கிறோம்.

வெளியே அனுப்புவது

ஆசிரியருக்கு உடனே நிம்மதி தரும் வழி இது. மற்ற நாற்பது பேருக்குப் பாடம் நடக்கிறது. அந்த நியாயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் முதல் பையனை வெளியே அனுப்பினால், அவன் கேட்டதை நாமே கையில் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். வாசிக்க வேண்டிய தொல்லை போனது. அடுத்த தமிழ் பீரியடில் அவன் இன்னும் சீக்கிரமாகவே உருண்டையைத் தயார் செய்வான். வாசிப்பில் ஏற்கெனவே பின்தங்கியவன் மேலும் பின்தங்குவான், அதனால் தப்பிக்க வேண்டிய காரணம் இன்னும் பெரிதாகும்.

இரண்டாமவனுக்கு வராந்தா ஒரு மேடை. ஜன்னல் வழியாக முகத்தைக் காட்டி மூன்று வகுப்புகளைச் சிரிக்க வைப்பான். மூன்றாவது பிள்ளைக்கோ பசியோடு நிற்பது வெறும் தண்டனை. அதனால் எதுவும் மாறாது. இதற்கெல்லாம் மேலே, வெளியே நிற்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு வகுப்பாசிரியருக்குத்தான். சாலையோரமோ குளத்தையொட்டியோ இருக்கும் பள்ளிகளில் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

அப்படியானால் வெளியே அனுப்பவே கூடாதா? சண்டையில் கை ஓங்கிவிட்டவனை, அழுது நடுங்குகிறவனை, இன்னொரு ஆசிரியர் கண்பார்வையில் பத்து நிமிடம் உட்கார வைப்பது வேறு. அது ஆறுவதற்கான இடம். ஆறியதும் விட்ட இடத்திலிருந்து அதே கணக்கைச் செய்ய வேண்டும். அந்தக் கடைசிப் பகுதியைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

வீட்டுக்குச் சொல்வது

"நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்வது சுலபம். வருவது யார்? அப்பா கடலில், அல்லது வளைகுடாவில். அம்மா முந்திரி ஆலையில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். கடைசியில் பாட்டிதான் வருவார். எல்லாப் பிள்ளைகளும் பார்க்க வராந்தாவில் நின்று கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் முதுகில் அதைத் தீர்த்துக்கொள்வார்கள். பள்ளியில் நாம் கைவிட்ட பிரம்பு வீட்டில் முளைத்துவிடுகிறது.

ஆனாலும் இந்த வழியை நான் தள்ளமாட்டேன். வீட்டுக்குத் தெரிந்ததில் பாதிகூடப் பள்ளிக்குத் தெரியாது. மேலே சொன்ன மூன்றாவது பிள்ளையின் பசி, அம்மாவோடு பேசினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதனால் முறையை மாற்றலாம். வரவழைப்பதற்குப் பதில் மாலையில் போன் செய்யலாம். முதல் போன் குற்றப்பத்திரிகையாக இருக்கக் கூடாது. "இன்னைக்கு அறிவியல்ல நல்லா பதில் சொன்னான்" என்று ஏதோ உண்மையான ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளி எண்ணிலிருந்து போன் வந்தாலே கெட்ட சேதிதான் என்று பழகிப்போன வீட்டில் இது பெரிய மாற்றம். அடுத்த வாரம் பிரச்சினையைப் பற்றிப் பேசும்போது, "அவனை அடிக்காதீங்க, காலையில என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான், அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்கலாம். வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்கள் வீடியோ காலில் வருவார்கள். சிலர் உள்ளூர் அப்பாக்களைவிடப் பொறுமையாகக் கேட்பார்கள்.

இரண்டாமவனுக்கு இந்த வழி நன்றாகவே வேலை செய்யும். முதல் பையனுக்கு வீட்டுக்குச் சொல்லி அதிகம் பயனில்லை. வாசிக்க வராததற்கு அம்மாவால் என்ன செய்ய முடியும்?

கண்டுகொள்ளாமல் விடுவது

இதைப் பெருந்தன்மை என்று நினைத்துச் செய்பவர்களும் உண்டு, களைத்துப்போய்ச் செய்பவர்களும் உண்டு. கவனத்துக்காக ஆடும் பிள்ளையிடம் இது பலிக்கும் என்பது உண்மை, ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, நாம் பார்க்காவிட்டால் சேட்டை முதலில் கூடத்தான் செய்யும். ஒரு உருண்டைக்குத் திரும்பாத டீச்சர் ஐந்துக்குத் திரும்புகிறாரா என்று பார்ப்பான். ஐந்தாவதில் பொறுமை இழந்து கத்தினால், ஐந்து எறிய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும். ஆக, கடைசிவரை தாங்க முடியும் என்றால்தான் இதில் இறங்க வேண்டும். இரண்டு, அவனுக்கு வேண்டிய கவனம் டீச்சரிடமிருந்து வருகிறதா, பின் பெஞ்சிலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். கூட்டாளிகள் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் மட்டும் கண்டுகொள்ளாமல் இருந்து என்ன ஆகப்போகிறது?

இதோடு சேர்த்து, சும்மா இருக்கும்போது அவனைக் கவனித்தால்தான் கணக்கு நேராகும். நோட்டுகளைச் சேகரிக்கச் சொல்வது, போகிற போக்கில் பெஞ்சருகே நின்று அவன் எழுதுவதைப் பார்த்துத் தலையசைப்பது. இரண்டாமவனுக்கு நான் முதலில் செய்வது இதுதான். செலவில்லாதது.

மற்றவர்களைக் கேலி செய்வதை மட்டும் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. சாதி, மதம், காணிக்காரப் பழங்குடி வீட்டுப் பிள்ளை, கடற்கரைப் பிள்ளை என்று குத்துவதெல்லாம் சேட்டைக் கணக்கில் வராது. அது அப்போதே, எல்லாருக்கும் முன்னால் நிறுத்தப்பட வேண்டும். காயப்பட்ட பிள்ளையோடு தனியாகவும் பேச வேண்டும்.

பரிசும் அணியும்

ஸ்டிக்கர், ஸ்டார், மிட்டாய் இவையெல்லாம் மூன்றாம் வகுப்பில் ஓடும். ஏழாம் வகுப்பில் ஸ்டிக்கர் கொடுத்தால் அதையே டீச்சரின் நாற்காலியில் ஒட்டி வைப்பார்கள். தானாகவே விரும்பிச் செய்கிற ஒன்றுக்குப் பரிசு என்று சொல்லிக் கொடுத்துப் பழக்கினால் விருப்பம் குறையும் என்பதும் தெரிந்த விசயம். படம் வரைய ஆசைப்பட்ட சின்னக் குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் 1973-இல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. விருப்பமே இல்லாத வேலையைத் தொடங்கி வைக்க மட்டும் பரிசு உதவும்.

இதைவிட எனக்குப் பிடித்தது அணி விளையாட்டு. கன்சாஸில் ஒரு நான்காம் வகுப்பில் செய்து பார்த்து 1969-இல் எழுதினார்கள். உலகம் முழுக்க இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வகுப்பை அணிகளாகப் பிரித்து, இரண்டு மூன்று விதிகளைப் பலகையில் எழுதி, அரை மணி நேரத்துக்கு மீறல் நடந்த அணிக்கு ஒரு கோடு போடுவார்கள். குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே கோடு வாங்கிய அணிகள் எல்லாமே ஜெயித்தவைதான். பரிசுக்குக் காசு வேண்டாம். விளையாட்டு பீரியடுக்கு ஐந்து நிமிடம் முன்பே போகலாம் என்றால் போதும். பின் பெஞ்சின் சிரிப்பு இதில் அடங்கிவிடும், ஏனென்றால் சிரித்தால் கோடு அவர்களுக்கு. முழு வகுப்பும் இரைச்சலாக இருந்தால் தனிப் பிள்ளைகளைத் துரத்துவதைவிட இதுதான் மேல்.

கெடுதலும் உண்டு. வாசிக்க வராத நம் முதல் பையன் அணிக்குக் கோடு வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தால், இடைவேளையில் அணியே அவனை மொத்திவிடும். அப்படித் தெரிந்தால் அவனைத் தனி அணியாக்கிவிட வேண்டும்.

இன்னொன்று. ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளைப் படமெடுத்து வைத்துப் பார்த்து 1970-இல் எழுதியதைப் பல ஆசிரியர்கள் படித்திருக்கமாட்டார்கள். அடங்கிய வகுப்பின் ஆசிரியரும் அடங்காத வகுப்பின் ஆசிரியரும் சேட்டைக்குப் பிறகு செய்வதில் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார். வித்தியாசம் சேட்டைக்கு முன்னால் இருந்தது: வகுப்பு முழுவதையும் கண்ணில் வைத்திருப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடங்கலில்லாமல் போவது. வருகைப் பதிவேட்டைத் தேடுகிற ஐந்து நிமிடத்தில்தான் முதல் உருண்டை பறக்கும் என்பதை எந்த வகுப்பிலும் சோதித்துப் பார்க்கலாம்.

நோட்டில் எழுதுவது

கேட்டால் பலருக்குச் சிரிப்பு வரும். எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு, பாடக்குறிப்பு என்று எழுதி ஓய்ந்த ஆசிரியரிடம் போய் இன்னொரு நோட்டா? நியாயமான கேள்வி. அதனால் சுருக்கமாக. டைரியின் பின்பக்கத்தில் மூன்று கட்டம்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதனால் அதற்கு என்ன கிடைத்தது. பக்கத்தில் பீரியடும் நேரமும். ஒரு பிள்ளைக்கு மட்டும், இரண்டு வாரம். 'அடங்கமாட்டான்', 'திமிர்' என்று எழுதக் கூடாது. 'வரிசையாக வாசிக்கச் சொன்னேன், இவனுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது உருண்டை எறிந்தான், வெளியே அனுப்பினேன்' என்று எழுத வேண்டும்.

அப்படி நாலைந்து வரி சேர்ந்தால் போதும், பக்கமே பேசத் தொடங்கும். உடற்கல்வி பீரியடில் ஒன்றுகூட இல்லை. கணக்கில் வாய்ப்பாடு சொல்லும்போது இல்லை. தமிழிலும் சமூக அறிவியலிலும் சத்தமாக வாசிக்கும்போது மட்டும். இனி அவனைத் திருத்த வேண்டியதில்லை, வாசிக்கச் சொல்லும் விதத்தை மாற்றினால் போதும். முதல் நாளே அவனுடைய இரண்டு வரியைக் குறித்துக் கொடுத்து, "நாளைக்கு இத மட்டும்தான் கேப்பேன் மக்களே, வீட்ல பாத்துட்டு வா" என்று சொல்லலாம். புரியாதபோது உருண்டைக்குப் பதிலாகக் காட்ட ஒரு வழி கற்றுத்தரலாம்; நோட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தால் 'உதவி வேண்டும்' என்று அர்த்தம் என்று நமக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த அடையாளம். தப்பிக்கும் வழியை மட்டும் அடைத்துவிட்டு மாற்று வழி காட்டாவிட்டால், அவன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பான், அது உருண்டையைவிட மோசமாக இருக்கும். கூடவே, மூன்றாம் வகுப்பு நிலையிலிருந்து வாசிப்பைத் தொடங்கிக் கொடுக்க யாராவது வேண்டும். அதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம்.

மூன்றாவது பிள்ளையின் பக்கத்தில் பாடம் எதுவும் தெரியாது, நேரம்தான் தெரியும். பதினொன்றேகாலுக்கு மேல், மதியச் சாப்பாட்டுக்கு முன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை. இதற்கு எதற்கு ஒழுங்கு நடவடிக்கை? இடைவேளையில் சாப்பிட ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசலாம். பெரும்பாலான ஊர்களில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்கு ஆள் கிடைப்பார்.

நோட்டின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். அது இரண்டு வாரம் கேட்கிறது, அந்த இரண்டு வாரமும் உருண்டை பறந்துகொண்டுதான் இருக்கும். நம் முதல் ஊகம் தவறாகப் போகலாம். மாற்றம் செய்த பிறகும் எண்ணிக்கை குறையவில்லை என்றால் காரணம் வேறு. இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டதற்கு நோட்டு உதவாது. அங்கே தனித்தனியாக உட்கார வைத்து, "ஏன்லே செஞ்ச?" என்று கேட்காமல் "என்ன நடந்துச்சு?" என்று கேட்பதுதான் வழி. ஏன் என்ற கேள்விக்குப் பிள்ளைகளிடம் பதில் இருக்காது, பொய்தான் இருக்கும். இருவரும் சொல்லி முடித்ததும், கெட்டுப்போனதை யார் எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் வாயாலேயே வர வைக்கலாம். கிழிந்த நோட்டை ஒட்டிக் கொடுப்பது ஆயிரம் முறை சாரி எழுதுவதைவிட மேல்.

ஆக நாற்பது பேர் வகுப்பில் என் வரிசை இது: இரைச்சல் பொதுவானது என்றால் அணி விளையாட்டு, ஒன்றிரண்டு பேர் என்றால் அன்றே ஒரு நல்ல போன், நாளையிலிருந்து நோட்டு. வராந்தா ஆறுவதற்கு மட்டும்.

வகுப்பறைக்கு வெளியே போக வேண்டியவை

சில பிள்ளைகளுக்கு நோட்டு எந்த ஒழுங்கையும் காட்டாது. எல்லாப் பாடத்திலும், எல்லா நேரத்திலும், வீட்டிலும் அப்படியே. கூப்பிட்டால் திரும்பாதவனுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மழைக்காலத்துச் சளி காதில் இறங்கி, பாதிப் பாடம் கேட்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. பலகை தெரியாததால் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுபவனைப் பேசுகிறான் என்று திட்டுவோம். பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மருத்துவக் குழுவிடம் இந்தப் பிள்ளைகளின் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், வரிசையில் வரட்டும் என்று விடக் கூடாது.

கவனக்குறைவு, மிகைத்துடிப்பு என்ற சொற்களை ஆசிரியர் அறையில் சர்வசாதாரணமாகப் பேசுகிறோம். அதை முடிவு செய்வது மருத்துவர் வேலை. பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், ஓரிடத்தில் மட்டுமில்லாமல் வீடு பள்ளி இரண்டிலும் இருக்க வேண்டும் என்றெல்லாம் அவர்கள் பார்ப்பார்கள். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால், உடம்பில் காயம் தெரிந்தால், வீட்டுக்குப் போகப் பயந்தால், அங்கே ஒழுங்குப் பேச்சே கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் போக்சோ சட்டப்படி தெரிவிப்பது கடமை, மறைத்தால் தண்டனை உண்டு. படிப்பு, பள்ளி தொடர்பான ஆலோசனைக்கு 14417.

ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பும்போது, "கொஞ்சம் சேட்டை டாக்டர்" என்று பெற்றோர் சொன்னால் அங்கே எதுவும் விளங்காது. டைரியின் அந்த இரண்டு பக்கத்தைப் போட்டோ எடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்பி வைத்தால் போதும், டாக்டர் கேட்கும் கேள்விகளில் பாதிக்குப் பதில் அதிலேயே இருக்கும்.